வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்து

கேள்வி: ஐயா, எங்களுடையது தறிக்காரக் குடும்பம். என் மகனுக்கு 22 வயது. பக்கத்து ஊர்த் தறிக் குடோனில் நைட் ஷிஃப்ட் ஓட்டுகிறான். குடோனில் நூல் கோன் பெட்டிகள் காணாமல் போய்விட்டதாக முதலாளி போலீசில் சொல்லியிருக்கிறார். போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேக்கரி முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவனை மஃப்டியில் வந்த இரண்டு பேர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினேன். "இங்கே யாரையும் கொண்டு வரலைங்க, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். வியாழக்கிழமை காலையில்தான் விட்டார்கள். உள்ளங்கால் வீங்கி நடக்க முடியவில்லை, இடது காது சரியாகக் கேட்கவில்லை. நாலு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செல்போனைத் திருப்பித் தரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, 25,000 ரூபாய் வாங்கித் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்கிறார். என் அண்ணன் மகனும் போலீஸ்தான். "அத்தை, கம்ப்ளைண்ட் கொடுத்தா கஞ்சா கேஸ் போட்டு உள்ளே வெச்சிருவாங்க, என் வேலைக்கும் ஆபத்து" என்கிறான். போலீஸ் சீர்திருத்தம் என்று டிவியில் பேசுகிறார்களே, அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசினோம். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். மற்றதை இங்கே விரிவாக எழுதுகிறேன், உங்கள் நிலையில் இருக்கும் வேறு தாய்மார்களுக்கும் பயன்படட்டும். ஊர்ப் பெயரையும் உங்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

உங்கள் மகனுக்கு நடந்ததை விசாரணை என்று சொல்லாதீர்கள். அது குற்றம். எழுத்து மூலமான நோட்டீஸ் இல்லை, கைதுக் குறிப்பாணை இல்லை, வீட்டுக்குத் தகவல் இல்லை. தேடிப் போன தாயிடம் ஆளே இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. உங்கள் மகனை இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவோ பொருளைத் திரும்பக் கொடுக்க வைப்பதற்காகவோ ஒருவரை அடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 120-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. அவன் அந்தப் பெட்டிகளை எடுத்தானா இல்லையா என்ற கேள்வியே இதற்குள் வராது. ஊரில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எடுத்திருந்தாலும் அடிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

சரி, காதுக்கு வருகிறேன். கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தால் செவிப்பறை கிழியலாம். பெரும்பாலும் அந்தக் கிழிசல் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். உடம்புக்கு அது நல்லது, வழக்குக்கு நல்லதல்ல. மூடிய பிறகு பார்க்கிற டாக்டர், இப்போது ஒன்றும் இல்லை என்றுதான் எழுத முடியும். உள்ளங்காலும் அப்படித்தான். லாடம் கட்டினால், அதாவது உள்ளங்காலில் தடியால் அடித்தால், வெளியே பெரிதாகத் தழும்பு விழாது. நிறம் ஒரு வாரத்தில் மங்கிவிடும், வலி மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். அடிக்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அந்த இடங்களாகப் பார்த்து அடிக்கிறார்கள். ஆகவே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். பாதங்களை நல்ல வெளிச்சத்தில், முகமும் தெரியும்படி படம் எடுங்கள்.

மருத்துவமனையில் இதைவிட முக்கியமானது ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேடு. டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். "இந்தத் தேதியில், இந்த ஸ்டேஷனில், போலீஸ்காரர்கள் அடித்தார்கள்" என்று உங்கள் மகன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அது அப்படியே எழுதப்பட்டதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் இதே போல ஒரு வழக்கு என்னிடம் வந்தது. பையனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போன ஏட்டே முந்திக்கொண்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் அதையே எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. முழுசாக ஒரு வரிகூட இல்லை, நாலு வார்த்தை. பல வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த நாலு வார்த்தையை நீட்டி நீட்டிப் படித்தார்கள். பையன் அழுதான். வழக்கு நிற்கவில்லை.

அடுத்தது கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும், வாசலிலிருந்து லாக்-அப் வரை, இன்ஸ்பெக்டர் அறை உட்பட, படமும் ஒலியும் பதிவாகும் கேமரா இருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம். அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்தபோது, நேரில் போய்ப் பார்த்த மாஜிஸ்திரேட், அந்த ஸ்டேஷன் பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதனால் காத்திருக்காதீர்கள். செவ்வாய் மாலை முதல் வியாழன் காலை வரையிலான பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று எஸ்.பி.க்கும் ஸ்டேஷனுக்கும் இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அந்தப் பதிவு இல்லை என்று சொன்னால், கேட்ட பிறகு ஏன் அழிந்தது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்டேஷன் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். பேக்கரி முன்னால்தானே ஏற்றிக்கொண்டு போனார்கள்? நம் பக்கத்துப் பேக்கரிகளில் கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா, ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா கட்டாயம் இருக்கும். ஆனால் பத்துப் பதினைந்து நாளில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். கடைக்காரரிடம் தன்மையாகப் பேசி அந்தச் சாயங்காலத்தை ஒரு பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். போலீஸ் பகை எதற்கு என்று அவர் தயங்கலாம். சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை, படம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணவில்லை என்ற புகாருக்காகத் தனிப்படை விசாரணையில் அடிபட்டு இறந்தார். உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். அந்த அடியை நாடே பார்த்தது, ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்த சில நொடி வீடியோவால்தான்.

அப்புறம் அந்த நாலு வெள்ளைத் தாள். திருட்டை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்களோ என்று நீங்கள் பயப்படலாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் 23-வது பிரிவாக இருக்கிறது. என் அனுபவத்தில் அந்தத் தாள்கள் வேறொன்றுக்குப் பயன்படும். "விசாரணைக்கு நானாக வந்தேன், என்னை யாரும் அடிக்கவில்லை, நல்ல நிலையில் வீட்டுக்குப் போகிறேன்" என்று மேலே எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு நீங்கள் புகார் கொடுக்கும்போது முதலில் வெளியே வருவது அந்தத் தாள்தான். அதனால் உங்கள் புகாரிலேயே, எழுதாத நாலு தாளில் எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் கையெழுத்து வாங்கினார் என்று எழுதிவிடுங்கள். அவர்கள் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்புப் போய்விடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு பேரும் தனித்தனியாக நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். பைக் நம்பர் முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்த எண்கள். ஸ்டேஷனில் உங்களிடம் பேசிய ரைட்டர் எப்படி இருந்தார், எத்தனை மணி, வெளியே யார் நின்றார்கள். லாடம் கட்டியவரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, தேதி போட்டு எழுதினால் போதும்.

புகாரை எங்கே கொடுப்பது? முதலில் எஸ்.பி. அவர் வழக்குப் பதியவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(4)-வது பிரிவு, அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்கிறது. அடிபட்டவர் ஏற வேண்டிய படிக்கட்டில் இன்னும் ஒரு படியைக் கூட்டிவிட்டார்கள் என்பதே என் கருத்து. அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் வாதாடுவார்கள். ஸ்டேஷனில் வைத்து ஒருவனை லாடம் கட்டுவது அரசுப் பணியே அல்ல என்பது நம் பதில். அதை ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் இருக்கின்றன.

இதோடு சேர்த்து மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு மனு அனுப்புங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், தபாலில் போதும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது.

கஞ்சா கேஸ் பயத்தைப் பற்றி உங்கள் அண்ணன் மகன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து சும்மா இருப்பதல்ல, சீக்கிரம் கொடுப்பது. உங்கள் புகார் இன்றைய தேதியில் நாலு அலுவலகங்களில் பதிவாகிவிட்டால், அதற்குப் பிறகு போடுகிற எந்த வழக்கையும் நீதிபதி தேதியோடு வைத்துப் பார்ப்பார். மகனிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மறுபடி யார் கூப்பிட்டாலும், எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். கைது செய்தால் காரணத்தையும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்குச் சட்டமாகவே ஆகிவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அடித்தார்கள் என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் முன்ஜாமீனுக்கும் போகலாம்.

அண்ணன் மகனை இதில் இழுக்க வேண்டாம். ஸ்டேஷனில் விசாரித்துச் சொல்லு, போனை வாங்கிக் கொடு என்றெல்லாம் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் சங்கம் வைத்துக்கொள்ளக்கூடப் போலீஸ்காரர்களுக்கு உரிமை இல்லை. 1966-ல் வந்த மத்தியச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்ததே 2021-ல்தான். திருவிழா பந்தோபஸ்து, தேர்தல், மந்திரி வருகை, இடையில் திருட்டு கேஸ், இரண்டு நாளில் பொருளை மீட்டுக் கொண்டுவா என்று மேலிருந்து நெருக்கடி. அந்தப் பையன் எப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறான் என்று நீங்களும் புரிந்துகொள்ளுங்கள். அதே சமயம் இதையும் அவனிடம் சொல்லுங்கள்: சாத்தான்குளத்தில் அந்த ராத்திரி என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். காக்கிக்குள்ளேயும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் சீர்திருத்தக் கேள்வி. நம் ஊர்ப் போலீஸ் அமைப்பே ஒரு சித்திரவதை விசாரணைக்குப் பின்னால் வந்தது என்று பலருக்குத் தெரியாது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் விசாரணைக்கும் ஜனங்களைக் கிட்டி போட்டு விரலை நசுக்கியதையும், அண்ணுந்தாள் என்று குனிய வைத்துக் கட்டியதையும் விசாரித்த கமிஷன் 1855-ல் அறிக்கை கொடுத்தது. நாலு வருடம் கழித்து 1859-ல் காவல் சட்டம் வந்தது. சித்திரவதை நடக்கிறது என்பதைவிட, அடிபட்டவருக்கு நியாயம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதே தங்களை அதிகம் வருத்தியதாக அந்தக் கமிஷன்காரர்கள் எழுதினார்கள். 170 வருடத்துக்குப் பிறகு உங்கள் கடிதத்திலும் அதே கஷ்டம்தான் இருக்கிறது.

போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அதில் உங்களுக்கு நேரடியாக வேண்டியது, மாவட்டந்தோறும் ஒரு காவல் புகார் ஆணையம், அதற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர் என்பது. தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த சட்டம் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராகவும், எஸ்.பி.யையும் கூடுதல் எஸ்.பி.யையும் உறுப்பினர்களாகவும் வைத்தது. நீங்கள் தறிக்காரர், உங்களுக்கு நன்றாகப் புரியும். நெய்த துணியை மடிக்கிற இடத்தில் வேறொருவர் வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்ப்பார். நெய்தவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எந்த முதலாளியும் விடமாட்டார். எஸ்.பி.க்குக் கீழே இருக்கிறவர் மேல் புகார், அதை விசாரிக்க எஸ்.பி.யே உட்காருவது சரியில்லை. இதை மாற்றாமல் எத்தனை கமிஷன் போட்டாலும் பயன் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

போலீஸ் கையைக் கட்டிப்போட்டால் திருடனைப் பிடிக்க முடியாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். போலீஸ் பிடித்த பிறகு கையில் மாவுக்கட்டோடு நிற்கிறவர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் ரசித்துப் பகிர்கிறவர்கள் நம் உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் மகன் விஷயத்தையே வைத்துக் கேட்கிறேன். நூல் கோன் பெட்டியில் மில் பெயர், கவுண்ட், லாட் நம்பர் எல்லாம் இருக்கும். காணாமல் போன லாட் எந்த நூல் கடைக்கு, எந்த வண்டியில் போனது என்று தேடியிருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கலாம். இரண்டு ராத்திரி ஒரு பையனின் காலைப் பிடித்து அடித்தார்கள். பெட்டி வந்ததா? விசாரணைப் பிரிவைச் சட்டம் ஒழுங்கு வேலையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதும் அந்த ஏழு கட்டளைகளில் ஒன்றுதான். அது நடந்தால் போலீசுக்கும் நல்லது, முதலாளிக்கும் நல்லது.

இதெல்லாம் எங்காவது போய்ச் சேருமா என்று நீங்கள் கேட்கலாம். நம் சத்தியமங்கலம் பக்கத்து மலைக் கிராமங்களில் வீரப்பன் தேடுதலின்போது நடந்த சித்திரவதைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை 1999-ல் அமைத்தது. 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் மலைவாழ் மக்களுக்கு நடந்த கொடுமைக்கு, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று 269 பேர் மேல் வழக்கு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை 2023-ல் உறுதி செய்தது. அதற்கு 31 வருடம் ஆனது. இவ்வளவு காலம் ஆனதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மலை ஜனங்கள் நடந்தது நடந்ததுதான் என்று சொன்ன சொல்லை மாற்றவில்லை.

25,000 ரூபாய் விஷயம் பாக்கி இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்றால் எதற்காகப் பணம் தர வருகிறார்கள்? வாங்கினால், அதற்கும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், அது ஐந்தாவது தாளாகிவிடும். அந்தப் பெரியவர் எத்தனை தடவை வந்தார், என்ன சொன்னார் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு கிடைக்கும். பெண் என்பதால் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு, தொழிலாளி என்ற வகையில் உங்கள் மகனுக்கும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவர்கள் அலுவலகம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் பயம் இருக்கிறது, அண்ணன் மகன் சொன்னது இருக்கிறது, ஊர்ப் பெரியவர் சொன்னது இருக்கிறது. உங்கள் மகன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அடிபட்டவன் அவன். நாளைக்குக் கூண்டில் ஏறி அந்த இரண்டு ராத்திரியை மறுபடி சொல்ல வேண்டியதும் அவன்தான். உடனே பேசமாட்டான், வெட்கப்படுவான், விட்டுவிடலாம்மா என்றும் சொல்லலாம். கட்டாயப்படுத்தாதீர்கள். மருத்துவமனைக் காகிதமும் கேமரா மனுவும் மட்டும் இப்போதே முடியட்டும், மற்றதை அவன் யோசித்துச் சொல்லட்டும். இன்று ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் கண்ணு என்று கேளுங்கள். அவன் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.